தொலைநோக்கியோடு ஊர் ஊராகப் போகும் மகள்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு. சனி, ஞாயிறு வந்தால் நண்பர்களோடு தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு ஏதாவது ஒரு கிராமத்துப் பள்ளிக்குக் கிளம்பிவிடுகிறாள். பி.எட். பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். "அறிவியலை மக்களிடம் கொண்டுபோவதுதான் என் வேலை" என்கிறாள். "அது ஒரு வேலையா சார், சம்பளம் யார் தருவார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக் கடனைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் இதைத்தான் கேட்பார்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வேலை இருக்கிறது. ஆனால் பி.எஸ்சி.யோடு நிறுத்திக்கொண்டால் அது பெரும்பாலும் தொண்டாகவே நின்றுவிடும். எம்.எஸ்சி. முடித்துவிட்டு வந்தால் பிழைப்பாக மாற வழி உண்டு. அதனால் அவளை அந்த வேலையிலிருந்து இழுக்காதீர்கள், இன்னும் இரண்டு வருடம் படிக்கச் சொல்லுங்கள்.

அவள் அப்படி என்னதான் செய்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியுமா? நான் ஒரு பள்ளியில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி. அதன் மேல் கறுப்புத் தாள், நடுவில் ஒரு சென்டிமீட்டர் அளவில் சதுர ஓட்டை. கண்ணாடியைப் பழைய ரப்பர் பந்தில் ஒட்டி, பந்தை ஒரு செம்பின் வாயில் உட்கார வைத்திருந்தார்கள். எந்தப் பக்கமும் திருப்பலாம். முற்றத்து வெயிலை அந்தக் கண்ணாடியால் இருட்டு வகுப்பறைக்குள் திருப்பினால், எதிர்ச் சுவரில் ஓர் ஒளி வட்டம். ஓட்டை சதுரம், வெளிச்சம் ஏன் வட்டம்? "ஓட்டையைச் சரியாக வெட்டவில்லை" என்றது ஒரு குழந்தை. வகுப்பு எடுத்த இளைஞர் மறுத்துப் பேசவில்லை. அந்தக் குழந்தையிடமே கத்தரிக்கோலைக் கொடுத்து முக்கோணமாக வெட்டச் சொன்னார். அப்போதும் வட்டம்தான். அட்டை ஒன்றைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்தால் மட்டும் முக்கோணம் தெரிந்தது. தூரம் போகப் போக வட்டமானது. சுவரில் விழுவது ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் உருவம் என்று கடைசியில் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

அதோடு விடவில்லை. கண்ணாடிக்கும் சுவருக்கும் 10 மீட்டர். வட்டத்தின் அகலம் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். சூரியன் இருப்பது சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில். அதே விகிதத்தில் கணக்குப் போட்டால் சூரியனின் விட்டம் 13 லட்சத்து 50 ஆயிரம் கிலோமீட்டர் வருகிறது. புத்தகத்தில் உள்ள அளவு சுமார் 14 லட்சம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கண்ணாடியையும் அளவு நாடாவையும் வைத்துக்கொண்டு சூரியனை அளந்துவிட்டார்கள். அந்த இளைஞர் ஒரு இடத்தில்கூட விடையைத் தானாகச் சொல்லவில்லை. சொல்லாமல் காத்திருக்கப் பழகுவதுதான் இந்தத் தொழிலின் கடினமான பகுதி. உங்கள் மகள் வார இறுதிகளில் பழகிக்கொண்டிருப்பது அதைத்தான்.

இது நாலு பேர் பொழுதுபோக்காகச் செய்வது என்று நினைத்துவிடாதீர்கள். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976இல் அரசியல் சட்டத்திலேயே சேர்த்தார்கள், 51ஏ பிரிவில். இதற்கென்றே மத்திய அரசு 1982இல் தேசிய அறிவியல் தொழில்நுட்பத் தொடர்பியல் குழுவை அமைத்தது. 1987இல் நாட்டின் ஐந்து பகுதிகளிலிருந்து அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்லும் கலைக்குழுக்கள் பாட்டும் நாடகமுமாகப் புறப்பட்டு, சர் சி.வி. ராமன் பிறந்த நாளான நவம்பர் 7 அன்று போபாலில் வந்து சேர்ந்தன. நம் ஊரில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதற்கு முன்பே, 1980இல் தொடங்கிவிட்டது.

இதனால் என்ன மாறியது? 1980 பிப்ரவரி 16 அன்று முழுச் சூரிய கிரகணம் வந்தபோது பல ஊர்களில் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். 1995 அக்டோபர் 24 கிரகணத்தைப் பார்க்க வடநாட்டில் ஆயிரக்கணக்கானோர் பாதுகாப்புக் கண்ணாடியோடு வெளியே வந்து நின்றார்கள். நம் பக்கம் 2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம் தெரிந்ததே, அன்று காலை மைதானங்களில் பிள்ளைகளோடு தாத்தா பாட்டிகளும் நின்றதை நானே பார்த்தேன். உங்கள் மகள் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பாள். அவளுக்கு இந்த ஆசை எங்கே தொடங்கியது என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் காலையாகக்கூட இருக்கலாம்.

சரி, சம்பள விஷயத்துக்கு வருகிறேன்.

நிலையான வேலை என்றால் முதலில் அறிவியல் அருங்காட்சியகங்கள். கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் குழுமம் 1978 முதல் இயங்குகிறது. மத்திய கலாச்சார அமைச்சகத்தின் கீழ் வருவது. திருநெல்வேலியில் இருக்கும் மாவட்ட அறிவியல் மையம் அவர்களுடையதுதான். சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம் மாநில அரசுடையது. இங்கெல்லாம் காட்சிக்கூடம் வடிவமைக்க, பள்ளிப் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி நடத்த ஆட்கள் வேண்டும். இடங்கள் குறைவு, அறிவிப்பும் அடிக்கடி வராது. வரும்போது கையில் தகுதி தயாராக இருக்க வேண்டும்.

அடுத்தது ஆராய்ச்சி நிறுவனங்கள். புனேயில் உள்ள வானியல் மையம், பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம், சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் போன்றவை பொதுமக்களுக்கும் பள்ளிகளுக்கும் தொடர்ந்து நிகழ்ச்சிகள் நடத்துகின்றன. இப்படிப்பட்ட வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில்தான் இருக்கும். இதை மறைக்காமல் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வழி மூன்றாவது. மும்பையில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒரு பகுதி. பிள்ளைகள் அறிவியலை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்பதையே அங்கே முனைவர் பட்ட ஆய்வாகச் செய்யலாம். அந்த முக்கோண ஓட்டை வகுப்பில் நடந்ததுதான் அங்கே ஆராய்ச்சிப் பொருள். உங்கள் மகளுக்கு அது பொருந்தும் என்று மனதார நம்புகிறேன். முழுநேர ஆய்வாளர்களுக்கு இப்போது தேசிய அளவில் தரப்படும் இளநிலை உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். வீட்டுக்கு அனுப்ப முடியாவிட்டாலும் வீட்டிலிருந்து வாங்க வேண்டியிருக்காது.

எழுத்தில் நாட்டம் இருந்தால் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் இதழியல், அறிவியல் தொடர்பியல் துறை பக்கத்திலேயே இருக்கிறது. தமிழில் பிழையில்லாமல் அறிவியல் எழுதுகிறவர்கள் குறைவு. ஆனால் அதை மட்டும் நம்பி இறங்க இப்போது சொல்லமாட்டேன்.

2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் சோதனைகள் செய்துகாட்டும் நல்ல திட்டம், 13,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் போகிறது. பட்டம் முடித்ததும் அதில் கருத்தாளராக, அதாவது பள்ளிகளுக்குப் போய்ச் சோதனை செய்துகாட்டுபவராகச் சேரட்டும். ஆனால் அதை ஒரு வருட அனுபவமாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். திட்டங்கள் வரும், போகும். தேசிய அளவில் அறிவியல் பரப்புவதற்காக 1989இல் தொடங்கிய விஞ்ஞான் பிரசார் நிறுவனம் பல மொழிகளில் இதழும் நூலுமாகக் கொண்டுவந்துகொண்டிருந்தது. 2023இல் அதையே மூடிவிட்டார்கள். எனக்கு அது இன்றும் மனவருத்தம். அங்கே வேலை பார்த்தவர்களில் கையில் ஒரு துறை அறிவு உள்ளவர்கள் வேறு இடம் தேடிக்கொள்ள முடியும். அதனால்தான் எம்.எஸ்சி., எம்.எஸ்சி. என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பம் வழக்கமாக செப்டம்பர் வாக்கில் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் தேர்வு தனி. இரண்டையும் எழுதட்டும். பி.எட். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எம்.எஸ்சி.க்குப் பிறகு சேர்ந்தால் முதுநிலை ஆசிரியர் தேர்வுக்கும் வழி திறந்திருக்கும், உங்கள் மனதுக்கும் ஆறுதல்.

இன்னொன்று. இதுவரை எத்தனை பள்ளிக்குப் போயிருக்கிறாள், அங்கே என்ன செய்தாள் என்று எழுதி வைத்திருக்கிறாளா? தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு வரும் பத்து வயதுப் பிள்ளைகூடத் தன் ஆய்வுக்கு நாட்குறிப்பு வைத்திருக்கும். ஒருமுறை ஒரு குழு தெருக்கிணறுகளில் நீர்மட்டம் அளந்து வந்திருந்தது. அந்த நோட்டில் "இன்று கயிறு அறுந்துவிட்டது, அளக்கவில்லை" என்று ஒரு வரி. மற்ற எல்லா எண்களையும் நான் நம்பியது அந்த ஒரு வரியால்தான். உங்கள் மகளும் ஒரு நோட்டு போடட்டும்: தேதி, ஊர், செய்த சோதனை, பிள்ளைகள் கேட்ட கேள்வி, தனக்குப் பதில் தெரியாமல் போன கேள்வி. அந்தக் கடைசிப் பத்தியைத்தான் நேர்காணலில் பெரியவர்கள் விரும்பிப் படிப்பார்கள்.

எட்டாவது படிக்கும் அவள் தம்பிக்கு: மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் பள்ளி வழியாக ஒரு யோசனையை அனுப்பலாம். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் வரும். தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.

வருகிற சனிக்கிழமை அவள் கிளம்பும்போது நீங்களும் கூடப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள் அம்மா. அதன்பிறகு இருவரும் சேர்ந்து என்னைப் பார்க்க வாருங்கள். ஐந்து பருவத்து மதிப்பெண் பட்டியலும் அந்த நோட்டும் கையில் இருக்கட்டும்.