பென் டிரைவைத் திருப்பிக் கொடுங்கள். நாற்காலியைப் படம் எடுங்கள்

கேள்வி: எங்கள் ஊரில் மாத இதழும் ஒரு யூடியூப் சேனலும் நடத்துகிறேன். நகராட்சி சேர்மன் ஒரு பெண்மணி. நான்கு மாதங்களாக மன்றக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. கணவர்தான் தினமும் வந்து அவர் அறையில் உட்கார்ந்து கோப்புகளைப் பார்க்கிறார். போன வாரம் தெரிந்தவர் ஒருவர் பென் டிரைவ் கொடுத்தார். சேர்மனின் டிஸ்சார்ஜ் சம்மரி, ஆஸ்பத்திரிப் படுக்கையில் எடுத்த இரண்டு போட்டோ, அவருடைய மகளின் விவாகரத்து மனு எல்லாம் அதில் இருக்கின்றன. “பொது வாழ்க்கைக்கு வந்தவருக்கு ஏது அந்தரங்கம், தைரியமாகப் போடுங்கள்” என்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள், மூன்றையும். உங்களிடம் நல்ல செய்தி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைக் கேள்வியிலேயே ஒரே வரியில் சொல்லிவிட்டு, பென் டிரைவுக்குத் தாவிவிட்டீர்கள். கணவர் உட்கார்ந்திருக்கும் அந்த நாற்காலிக்குப் பிறகு வருகிறேன்.

பொது வாழ்க்கைக்கு வந்தவருக்கு அந்தரங்கம் கிடையாது என்பது டீக்கடைச் சட்டம். உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு, அதுவும் நம் ஊர் வழக்கிலேயே சொன்னது. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிடப்போகிறது என்றதும் சிறைத்துறை ஐ.ஜி. கடிதம் எழுதித் தடுக்கப் பார்த்தார். அதிகாரிகளின் பெயர் அதில் வந்துவிடும் என்ற பயம். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில் 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்பு வந்தது. வெளியிடும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை. பதவியில் இருப்பவர் பதவிக் கடமையில் செய்த காரியத்துக்கு அந்தரங்க உரிமை என்று கதவைச் சாத்திக்கொள்ள முடியாது. நியாயமாக விசாரித்து எழுதியிருந்தால் தகவல் பிழையாகிப்போனாலும் நிருபருக்குப் பாதுகாப்பு உண்டு. இதோடு நிறுத்திவிடுவார்கள் நம்மவர்கள். அதே தீர்ப்பில் அடுத்தும் இருக்கிறது: கடமைக்குச் சம்பந்தமில்லாத விஷயத்தில் அந்த அதிகாரிக்கும் மற்றக் குடிமக்களுக்கு உள்ள அதே பாதுகாப்பு உண்டு. 2017இல் ஒன்பது நீதிபதிகள் கூடி அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்ன பிறகு இது இன்னும் கெட்டிப்பட்டுவிட்டது.

2024 ஏப்ரலில் அருணாசலப் பிரதேச எம்.எல்.ஏ. ஒருவர் வழக்கில், வாக்காளருக்குச் சம்பந்தமில்லாததை வேட்பாளர் சொல்லத் தேவையில்லை என்றே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விலை உயர்ந்த கைக்கடிகாரங்களை அடுக்கி வைத்திருந்தால் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும், சில நூறு ரூபாய்க் கடிகாரத்தை விட்டுவிட்டால் குற்றமில்லை என்பது அவர்கள் கொடுத்த உதாரணம்.

உங்களுக்கு இவ்வளவு சட்டம் வேண்டாம். ஒரே கேள்வி போதும்: இது தெரிந்தால் ஊரின் குடிநீர், வரி, டெண்டர் பற்றி ஏதாவது தெரியவருமா? டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன நோய் என்று இருக்கும். அதனால் எந்தத் தெருவுக்கும் விளக்கு எரியப்போவதில்லை. சேர்மன் வரவில்லை, அவர் இடத்தில் யார் முடிவெடுக்கிறார் என்பது மட்டும்தான் ஊர்க்காரியம். 2016இல் ஜெயலலிதா 75 நாள் மருத்துவமனையில் இருந்தபோது ஊர் கேட்டதும் அதைத்தான்: அரசை நடத்துவது யார்? அவருடைய இலாகாக்களை ஓ. பன்னீர்செல்வத்திடம் கொடுத்த அறிவிப்பு அக்டோபர் 11 அன்றுதான் வந்தது. அதுவரை அந்தக் கேள்வியைக் கேட்டது முழுக்க நியாயம். அவர் படுக்கையில் இருக்கும் வீடியோ 2017 டிசம்பரில், ஆர்.கே. நகர் வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் வெளியானது வேறு சமாசாரம். இப்படிப்பட்ட படங்கள் எந்த நேரம் பார்த்து வெளியே வருகின்றன என்று கவனியுங்கள். உங்கள் நகர்மன்றத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் எதுவும் கிளம்பியிருக்கிறதா என்று விசாரித்தீர்களா?

விவாகரத்து மனு விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம். கோர்ட் ஆவணம் பொது ஆவணம்தானே என்பார்கள். இந்து திருமணச் சட்டம் 22ஆம் பிரிவின்படி அந்த விசாரணை மூடிய அறையில்தான் நடக்க வேண்டும், அதைப் பற்றி அச்சிடுவதே குற்றம். அபராதம் ஆயிரம் ரூபாய்தான், சிரிப்பு வரும். மான நஷ்ட நோட்டீஸ் வந்தால் சிரிப்பு நின்றுவிடும். அந்தப் பெண் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை என்பதையும் மறக்காதீர்கள்.

இப்போது கணவர். குடும்பத்தாரைத் தொடாதே என்பது பொது விதி. இவருக்கு அது பொருந்தாது. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலரும் தயங்குகிறார்கள். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்த பிறகு “சேர்மன் வீட்டுக்காரர்” என்பது ஊருக்கு ஊர் ஒரு பதவியாகிவிட்டது. விசிட்டிங் கார்டு அடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். வீட்டில் அவர் கணவர், அங்கே அவர் என்ன செய்கிறார் என்பது நமக்கு வேண்டாம். சேர்மன் அறைக்குள் நுழைந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கோப்பைத் தொட்டு, ஆய்வுக்குப் போய், ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டுப் பேசினால் அந்தக் கணமே அவர் குடும்பத்தவர் என்ற மறைப்பிலிருந்து வெளியே வந்துவிட்டார். அலுவலக நேரத்தில், அலுவலக அறையில், பொதுமக்கள் மனு கொடுக்கும் இடத்தில் அவர் உட்கார்ந்திருப்பதைப் படம் எடுக்கலாம், பெயரோடு போடலாம். வீட்டு வாசலில் லுங்கியோடு நிற்கும் படம் கூடாது. கோவிலில் மனைவியோடு நிற்கும் படம் தேவையில்லை. அறைக்குள் கதவைச் சாத்தியிருந்தால் சன்னல் வழியாக எட்டிப் பார்க்காதீர்கள், மனு கொடுக்கப் போகிறவர்களோடு போங்கள். கோப்பில் சேர்மன் கையெழுத்து இருக்கும் தேதியில் அவர் மருத்துவமனையில் இருந்தார் என்று வேறு வழியில் உறுதிப்பட்டால், அந்தத் தேதி செய்தி. அப்போதும் தேதி மட்டும்தான், நோயின் பெயர் வேண்டாம்.

அடுத்தது அந்தத் “தெரிந்தவர்”. இருபத்தைந்து வருடமாக இந்த வகை ஆளைப் பார்த்து வருகிறேன். உங்களிடம் கொடுத்த கையோடு சேர்மன் வீட்டுக்குப் போவார். “சேனல்காரர் கையில சரக்கு இருக்கு, நான் பேசி முடிச்சுத் தர்றேன்” என்பார். பணம் கைமாறும். உங்களுக்கு ஒரு டீ கூட வராது. பிறகு மிரட்டிப் பணம் பறித்ததாக பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த சட்டம்) 308ஆம் பிரிவில் புகார் வரும்போது அதில் உங்கள் பெயர் முதலில் இருக்கும், கம்ப்யூட்டரில் அந்த ஃபைலும் இருக்கும். என்னிடம் வந்த ஒரு சின்னப் பத்திரிகைக்காரர் இப்படித்தான் மூன்று வருடம் கோர்ட்டுக்கு நடந்தார், ஒரு வரி கூட அச்சிடாமல்! நகல் எடுக்காதீர்கள். யாருக்கும் “சாம்பிள்” அனுப்பாதீர்கள். இரண்டு பேர் முன்னால் திருப்பிக் கொடுங்கள், தேதியைக் குறித்து வையுங்கள். ‘ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது’ என்று அவர் சொன்னால், சுற்றட்டும், உங்கள் நம்பரிலிருந்து வேண்டாம்.

கேள்விக்குறி போட்டால் கேஸ் வராது, “கூறப்படுகிறது” என்றால் தப்பிக்கலாம், பெயரின் முதலெழுத்து மட்டும் போதும் என்றெல்லாம் சொல்லித்தரும் ஆட்கள் உண்டு. ஊரில் ஒரே சேர்மன்தான் இருக்கிறார், முதலெழுத்து யாரை மறைக்கும்? உண்மை என்றாலே போதும் என்பதும் தவறு. அவதூறுக்கான குற்றவியல் பிரிவு இப்போது அதே நியாய சன்ஹிதாவின் 356. அதில் உண்மையோடு பொதுநலனும் சேர்ந்தால்தான் விலக்கு. நகராட்சியே மான நஷ்டம் கேட்டு வழக்குப் போடும் என்று யாராவது மிரட்டினால் பயப்படாதீர்கள். உள்ளாட்சி அமைப்பு அப்படி நஷ்டஈடு கேட்க முடியாது என்றும் அந்த 1994 தீர்ப்பே சொல்லிவிட்டது.

நேர்வழி மெதுவான வழி. தகவல் உரிமை மனு போடுங்கள்: ஆறு மாத மன்றக் கூட்டங்களின் வருகைப் பதிவேடு, தீர்மான நகல், யார் தலைமையில் கூட்டம் நடந்தது என்ற விவரம். உடல்நிலை பற்றி ஒரு சொல்லும் கேட்காதீர்கள், அதைச் சாக்காக வைத்து மொத்தத்தையும் நிராகரிப்பார்கள். பத்து ரூபாய், முப்பது நாள். முப்பது நாளில் வராது, அது எல்லோருக்கும் தெரியும். முன்பு 8(1)(ஜே) பிரிவில், பொதுப்பணிக்குத் தொடர்புடையது என்றால் தனிநபர் தகவலையும் தர வேண்டியிருந்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரால் 2025 நவம்பரில் அந்த வரியையும் வெட்டிவிட்டார்கள். அந்தச் சட்டத்தின் பழைய வரைவுகளில் பத்திரிகைப் பணிக்கு விலக்கு இருந்தது, நிறைவேறியதில் இல்லை. ஆக, சாமானியரின் ஆதார் எண் தெருவில் கிடக்கிறது, சேர்மனின் வருகைப் பதிவேடு “தனிநபர் தகவல்” ஆகிவிடும். மறுத்தால் 8(2)ஐச் சொல்லி மேல்முறையீடு செய்யுங்கள். பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்ற அந்தப் பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது.

பிரஸ் கவுன்சிலை நம்பியும் பயனில்லை, பயந்தும் பயனில்லை. எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அவ்வளவுதான் அதிகாரம். உங்கள் யூடியூப் சேனல் அதன் வரம்பிலேயே வராது.

வெளியிடும் முன் சேர்மனுக்கும் கணவருக்கும் தனித்தனியாக எழுத்தில் கேள்வி அனுப்புங்கள்: நான்கு மாதம் வராததற்கு விடுப்பு எடுத்தாரா, அவர் இல்லாதபோது அறையைப் பயன்படுத்த யார் அனுமதித்தது? ஏழு நாள் கொடுங்கள். “உடல்நலமில்லை” என்று பதில் வந்தால் அந்த ஒரு வார்த்தையை அப்படியே போட்டு அங்கேயே நிறுத்துங்கள். ஸ்பீட் போஸ்ட் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள், வக்கீல் ஆபீஸில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.