"எம்.பி. பார்த்துக்கொள்வார்" என்றால் போதுமா? காணி பற்றிய வாசகர் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது: காணி விற்பனைக்குப் பின்னால் ஓர் அரசியல் பெயர். ஆட்களைப் பற்றியல்ல, தாள்களைப் பற்றியே இங்கே பதில் எழுதுகிறோம். தாளைப் பார்த்தால் ஆள் தானாகத் தெரியவருவார்.

கேள்வி: கல்லடிப் பக்கம் வாவியோரத்துத் தாழ்நிலத்தை இரவிரவாக டிப்பரில் கிரவல் கொட்டி நிரவுகிறார்கள். மூன்று ஏக்கர் இருக்கும். 10 பேர்ச் துண்டுகளாக விற்கிறார்கள். "உறுதி பிறகு, இப்போது முற்பணம் 5 லட்சம் தாருங்கள், சபை அனுமதியை எம்.பி. பார்த்துக்கொள்வார்" என்கிறார் தரகர். வெளிநாட்டில் இருக்கும் மகனின் காசு. கொடுக்கலாமா?
— வாசகி, நாவற்குடா

பதில்: இப்போது கொடுக்க வேண்டாம், அம்மா. காணியைத் துண்டாடும் அனுமதி உங்கள் ஊர் உள்ளூராட்சிச் சபையின் திட்டமிடல் குழு ஊடாக வருவது. அதில் எம்.பி.க்குக் கையெழுத்தே கிடையாது. அவர் பெயரைச் சொல்லி விற்கிறார்கள் என்றால், காட்டுவதற்கு வேறு தாள் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவேளை அவர் தலையிட்டு அனுமதி வாங்கிக் கொடுத்தாலும், நாளை அது ரத்தானால் தெருவில் நிற்கப்போவது அவரல்ல, உங்கள் மகன்.

முதலில் தரகரிடம் தாய் உறுதியின் பிரதியைக் கேளுங்கள். அதிலுள்ள பதிவு முத்திரையில் ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் இருக்கும். அவற்றைக் குறித்துக்கொண்டு மட்டக்களப்புக் காணிப் பதிவகத்துக்குப் போய் அந்த ஏட்டுப் பக்கத்தைப் பாருங்கள். குறைந்தது 30 வருடம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். ஈடு வைத்திருக்கிறார்களா, வழக்குப் பதியப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் அதே பக்கத்தில் தெரியும்.

அந்தப் பக்கம் எந்த உறுதியோடு ஆரம்பிக்கிறது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். மூன்று நான்கு வருடத்துக்கு முன் எழுதிய பிரகடன உறுதி ஒன்றோடு ஏடு தொடங்கினால் அங்கேயே நின்றுவிடுங்கள். "இந்தக் காணியை நான் ஆண்டு அனுபவித்து வருகிறேன்" என்று ஒருவர் தானே சொல்லிக்கொள்வதுதான் பிரகடன உறுதி. நொத்தாரிசு அவர் சொன்னதை எழுதுகிறார், பதிவகம் வந்த தாளைப் பதிகிறது. உரிமை உண்மையா என்று இருவரும் விசாரிப்பதில்லை. அரச காணியும் வாவிக்கரையும் தனியார் காணியாக மாறும் வழக்கமான வாசல் இது. பத்து வருடம் ஆண்டால் சொந்தம் என்ற விதி தனியார் காணிக்குரியது. அரச காணிக்கு அது பொருந்தாது.

அடுத்து பழைய உறுதியின் பரப்பையும் புதிய பிளானின் பரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உதாரணமாக, உறுதியில் 2 ஏக்கர் 1 றூட் 10 பேர்ச், மேற்கு எல்லை "வாவி" என்றிருக்கிறது. புதிய பிளானில் 3 ஏக்கர் என்றிருக்கிறது. முன்னது 370 பேர்ச், பின்னது 480 பேர்ச். இடையிலுள்ள 110 பேர்ச் எங்கிருந்து வந்தது? கிரவல் கொட்டி நிரவிய வாவியிலிருந்துதான் வந்திருக்கும். பத்துப் பேர்ச் கணக்கில் பதினொரு துண்டு. உங்களுக்குக் காட்டும் துண்டு அந்தப் பதினொன்றில் ஒன்றாகவும் இருக்கலாம். வாவிக்கு அருகிலுள்ள துண்டுக்குத்தான் "வியூ" என்று சொல்லி விலையும் கூட்டுவார்கள்.

கடலோடு தொடர்புள்ள நீர்நிலையின் ஓரமாக 100 மீட்டர் வரை கரையோர வலயத்துக்குள் அடங்கும் என்று 2011இல் திருத்திய கரையோரம் பேணல் சட்டம் சொல்கிறது. கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அங்கே நிரவவோ கட்டவோ முடியாது. பழைய வயலாக இருந்தால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதியும் வேண்டும். கிரவல் ஏற்றி வரும் டிப்பருக்குப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. அது இல்லாவிட்டால் தனிக் குற்றம், பொலிசார் அந்த இடத்திலேயே கேட்கலாம்.

இவற்றோடு சபை அங்கீகரித்த துண்டாடல் பிளானையும், வீதிக்கோட்டுச் சான்றிதழையும், அந்தக் காணியில் சபை எதையும் சுவீகரிக்கவில்லை என்ற சான்றிதழையும் கேளுங்கள். பிளானில் சபையின் முத்திரை, அங்கீகார இலக்கம், திகதி மூன்றும் இருக்க வேண்டும். போட்டோக்கொப்பியைக் காட்டினால் அந்த இலக்கத்தை எழுதிக்கொண்டு சபையின் கருமபீடத்தில் நீங்களே சரிபாருங்கள். தரகரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.

இன்னொன்று. நிரவல் நடக்கிறது என்றால் காணி வாங்காதவர்களுக்கும் அது சொந்தப் பிரச்சினைதான். மாரியில் ஊர் வெள்ளம் வாவிக்கு வடிவது இந்தப் பள்ளங்களால். டிப்பரின் இலக்கம், திகதி, நேரம் தெரியும்படி படம் எடுத்து, பிரதேச செயலாளருக்கும் கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் ஒரே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் துண்டைக் கவனமாக வைத்திருங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்புத் திட்டத்தில் சிறுவர் விளையாட்டிடம் என்று பிளானில் ஒதுக்கிய துண்டை இப்போது மதில் கட்டி அடைத்துவிட்டார்கள். சபையின் முன்னாள் உறுப்பினர் ஒருவரின் உறவினர் பெயருக்கு மாறிவிட்டது என்கிறார்கள். சபையில் கேட்டால் "பைல் இல்லை" என்கிறார்கள். என்ன செய்யலாம்?
— வாசகர், காரைதீவு

பதில்: நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் நடைமுறையிலுள்ள இடத்தில் 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடினால், வீதிகள் போக மீதியில் 10 வீதத்துக்குக் குறையாமல் பொதுப் பாவனைக்கு விட வேண்டும். 1 ஹெக்டேயர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். பிளானில் பச்சை நிறம் அடித்து "ஒதுக்கம்" என்று எழுதிவிடுவார்கள். ஆனால் அந்தத் துண்டைச் சபைக்கு உறுதி எழுதிக் கொடுக்காமலே விட்டுவிடுவதுண்டு. பதிவகத்தில் அது பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும். நாலைந்து வருடம் கழித்து எல்லோரும் மறந்தபின் அவர் அதை விற்பார். முதலில் கல்முனைக் காணிப் பதிவகத்தில் அந்தத் துண்டின் ஏட்டைப் பாருங்கள். சபையின் பெயர் அதில் எப்போதாவது வந்ததா, இல்லையா? உங்கள் வழக்கு இரண்டில் எது என்பது அதில்தான் தெரியும். சபையின் பெயர் வந்து பிறகு மாறியிருந்தால், மாற்றிக் கொடுத்தவர் யார் என்று கேட்கலாம். வரவேயில்லை என்றால், பொறுப்பேற்காமல் விட்டவர் யார் என்று கேட்கலாம்.

பிறகு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ஆர்.ரி.ஐ. 01 படிவம் தமிழில் இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதுமில்லை.

பலர் தோற்பது கேள்வியை எழுதும் விதத்தில்தான். "பிள்ளைகளின் இடத்தை ஏன் விற்றீர்கள்?" என்று எழுதினால் "விற்கவில்லை" என்று ஒரு வரியில் பதில் வரும், கதை முடிந்தது. இந்தச் சட்டம் தருவது இருக்கும் ஆவணத்தை, விளக்கத்தை அல்ல. ஆகவே இப்படி எழுதுங்கள்: "இன்ன இலக்கப் பிளானுக்குச் சபை வழங்கிய துண்டாடல் அங்கீகாரக் கடிதத்தின் பிரதி. அந்தப் பிளானில் பொது ஒதுக்கமாகக் காட்டிய துண்டைச் சபை பொறுப்பேற்ற உறுதியின் பிரதி. அந்தத் துண்டு தொடர்பாகச் சபைக் கூட்டத்தில் எடுத்த தீர்மானங்களின் அறிக்கைப் பிரதி. அங்கே மதில் கட்ட வழங்கிய அனுமதியின் பிரதி." நான்கும் தனித்தனி இலக்கத்தில் இருக்கட்டும். ஒன்றை மறுத்தாலும் மற்ற மூன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். "உறுதி இல்லை" என்று அவர்கள் எழுதித் தந்தால், உங்களுக்கு வேண்டிய சாட்சியே அதுதான்.

தருவதா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால், அல்லது பேசாமல் இருந்தால், 14 நாட்களுக்குள் அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதற்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழு. "பைல் இல்லை" என்று வாயால் சொல்வது மிகச் சுலபம். ஆணைக்குழுவின் முன் அதையே எழுத்தில் சொல்ல நேரும்போது பல பைல்கள் கிடைத்துவிடும். மனுவைக் கொடுத்த திகதியோடு பற்றுச்சீட்டை வாங்காமல் மட்டும் திரும்பி வராதீர்கள்.

கேள்வி: திருக்கோவில் பக்கம் பேர்மிட் காணி ஒன்றை 99 வருட ஒப்பந்தமும் அற்றோனித் தத்துவமும் எழுதி விற்கிறார்கள். "அமைச்சரிடம் சொல்லி உறுதி எடுத்துத் தருவோம்" என்கிறார்கள். விலை மலிவு.
— வாசகர், அக்கரைப்பற்று

பதில்: மலிவாக இருப்பதற்குக் காரணம் அதை விற்க முடியாது என்பதே. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் (பேர்மிட்) காணியை உரியவர் விற்க முடியாது. அளிப்புப் பத்திரம் கிடைத்த காணியைக் கைமாற்றவும் பிரதேச செயலாளரின் முன்கூட்டிய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அதில்லாமல் செய்த கைமாற்றம் செல்லாது. தனக்காகச் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரமான அற்றோனித் தத்துவமோ, கொடுத்தவர் இறந்த அன்றே முடிந்துவிடும். பிரதேச செயலகக் காணிப் பிரிவில் அனுமதிப்பத்திர இலக்கத்துக்குரிய பேரேட்டைப் பார்த்தால், அது யார் பெயரில், என்ன நிபந்தனையில் கொடுக்கப்பட்டது என்று தெரியும். மேலே வீடு கட்டியபின் அரச காணியை மீளப் பெறுவதற்கான 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி வெளியேறும் அறிவித்தல் வந்தால், நீதவான் முன் உங்களால் காட்டக்கூடியது அரசாங்கம் தந்த செல்லுபடியாகும் எழுத்து மூல அதிகாரம் ஒன்றைத்தான். ஒப்பந்தம் அங்கே உதவாது.

கேள்வி: வீட்டுப் பிளான் ஆறு மாதமாகக் கிடக்கிறது. சபை உறுப்பினரின் ஆள் ஒருவர் வந்து 2 லட்சம் கேட்கிறார். "மேலே இருப்பவர்களுக்கும் பங்கு போக வேண்டும்" என்கிறார்.
— வாசகர், ஏறாவூர்

பதில்: பேரம் பேச வேண்டாம். "பாதி தருகிறேன்" என்று சொல்லிவிட்டால் உங்கள் நிலைமையே சிக்கலாகும். இலஞ்சம் கொடுப்பதும் குற்றம். கொடுப்பதற்கு முன்பே இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு 1954 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள். கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த இடம், அவர் சொன்ன வார்த்தைகள், அழைத்த தொலைபேசி இலக்கம், உங்கள் பிளான் விண்ணப்ப இலக்கம் ஆகியவற்றை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு அழையுங்கள். சுற்றிவளைப்பு என்றால் பணம் எப்படி, எங்கே என்பதை அவர்களே ஒழுங்கு செய்வார்கள். அதுவரை அழைப்புப் பதிவுகளை அழிக்காதீர்கள். சபையில் உள்ள நண்பருக்கும் சொல்லாதீர்கள். இந்தக் காரியங்கள் குழம்புவது பெரும்பாலும் அங்கேதான்.

2023 செப்டெம்பரிலிருந்து நடைமுறையிலுள்ள 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழலுக்கு எதிரான சட்டம் தகவல் தருபவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. தன் சொந்த நலன் கலந்த விஷயத்தில் பதவியைப் பயன்படுத்துவதையும் அது குற்றமாக்கியிருக்கிறது. உள்ளூராட்சி உறுப்பினர்களும் ஒவ்வொரு வருடமும் ஜூன் 30இற்குள் சொத்து, பொறுப்பு விபரம் கொடுக்க வேண்டியவர்கள். ஆனால் பொய்யென்று தெரிந்துகொண்டே முறையிட்டால் அதற்கும் தண்டனை உண்டு. "எல்லோரும் சொல்கிறார்கள்" என்பதை முறைப்பாட்டில் எழுதாதீர்கள். உங்களிடம் கேட்டதை மட்டும் எழுதுங்கள். பங்கு மேலே போகிறதா என்பதைக் கண்டுபிடிப்பது அவர்களின் வேலை.

உண்மையான கட்டணம் எதுவானாலும் சபையில் பணம் வாங்கும் சிறாப்பரிடம் கட்டி ரசீது வாங்குவதுதான். ரசீது இல்லாத கட்டணம் என்று ஒன்று கிடையாது.

கேள்வி: பெரிய இடத்து ஆட்களை எதிர்த்துச் சாதாரண ஆள் காணி வழக்கில் வென்றதுண்டா?
— வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: உண்டு. கொழும்புக்கு அருகே பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கென்று அரசு சுவீகரித்த காணி, பிறகு தனியார் கொல்ப் மைதானமாக மாறியது. "வோட்டர்ஸ் எட்ஜ்" வழக்கு என்று சொல்வார்கள். அந்தக் காணியில் சொந்தப் பங்கு எதுவும் இல்லாத குடிமக்களே உயர் நீதிமன்றம் போனார்கள். 2008 ஒக்டோபர் 8ஆம் திகதி தீர்ப்பு வந்தது. பதவியும் பொதுச் சொத்தும் மக்கள் நம்பி ஒப்படைத்தவை என்று கூறிய நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவை 30 லட்சம் ரூபாய் செலுத்தும்படி உத்தரவிட்டது. காணியும் அரசுக்குத் திரும்பியது.

மறுபக்கமும் உண்டு. மல்வானையில் 16 ஏக்கர் காணி தொடர்பாக முன்னாள் அமைச்சர் பசில் ராஜபக்சவுக்கு எதிராகப் போட்ட வழக்கில் 2022 ஜூனில் கம்பஹா மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஊர் பேசுவது வேறு, நீதிமன்றத்தில் நிரூபிப்பது வேறு. அதனால்தான் முகநூலில் பெயர் போட்டு எழுதுவதற்கு முன் ஏட்டுப் பிரதியை எடுங்கள் என்கிறோம்.

வோட்டர்ஸ் எட்ஜ் வழக்கைப் போன்ற அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். சம்பவம் நடந்து, அல்லது உங்களுக்குத் தெரியவந்து, ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நல்ல வழக்குகள் பல இந்த ஒரு மாதத்தில்தான் செத்துப்போகின்றன. கொழும்புச் சட்டத்தரணியைப் பிடிக்க நாள் போகும் என்று பயந்தால், அதே ஒரு மாதத்துக்குள் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்தில் முறைப்பாடு பதியுங்கள். விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது. விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு ஆணைக்குழுவின் கடிதம் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. உயர் நீதிமன்றம் அதைக் கேட்கும்.