எச்-1பி, எச்-4, ஈபி-5: மாறிய விதிகளும் கணக்கில் வரும் தேதிகளும் (கேள்வி பதில்)

அமெரிக்க வேலை விசா (எச்-1பி), அதில் இருப்பவரின் கணவன் அல்லது மனைவிக்கான விசா (எச்-4), முதலீடு செய்து கிரீன் கார்டு பெறும் ஈபி-5 போன்றவை பற்றி வந்த கேள்விகளில் புது விதிகளைத் தொடுபவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி எங்களுடையது. எடுக்க நினைக்கும் இருவரில் ஒருவர் இங்கே அமெரிக்காவிலேயே எஃப்-1 ஓபிடியில் (மாணவர் விசாவில் இருப்பவருக்கான வேலைப் பயிற்சி அனுமதி) இருக்கிறார், இன்னொருவர் கோவையில். இருவருக்குமே எச்-1பி மனுவுக்கான அந்த ஒரு லட்சம் டாலர் கட்டணத்தைக் கட்ட வேண்டுமா?

பதில்: கோவைக்காரருக்குக் கட்ட வேண்டும், ஓபிடிக்காரருக்கு வேண்டாம். அமெரிக்க அதிபரின் 2025 செப்டம்பர் 19-ஆம் தேதிப் பிரகடனம், செப்டம்பர் 21 அதிகாலை 12:01-க்குப் பிறகு போடும் புது எச்-1பி மனுக்களைத்தான் பிடிக்கிறது. அதிலும் வெளிநாட்டில் இருப்பவருக்கான மனுக்களை. பணத்தை முதலில் கட்டிவிட்டு, ரசீதை மனுவோடு வைக்க வேண்டும். பிரகடனத்தின் ஆயுள் 12 மாதம், நீட்டிக்கவும் அதிலேயே வழி இருக்கிறது.

அக்டோபர் 20-இல் வந்த விளக்கத்தின்படி, அமெரிக்காவுக்குள் இருப்பவருக்கு ஸ்டேட்டஸ் (தங்கியிருக்கும் விசா நிலை) மாற்றமோ நீட்டிப்போ கேட்டு, அது கிடைத்தும்விட்டால் இந்தத் தொகை இல்லை. "கிடைத்தும்விட்டால்" என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். மனு நிலுவையில் இருக்கும்போது அவர் தங்கை கல்யாணம் என்று ஊருக்குப் போனாலோ, இடையில் ஸ்டேட்டஸ் விட்டுப்போயிருந்தது என்று தெரியவந்தாலோ, மாற்றம் கிடைக்காது. ஒரு லட்சம் உங்கள் தலையில் விழும். மாற்றம் கிடைத்தபிறகு ஊருக்குப் போய் ஸ்டாம்பிங் (பாஸ்போர்ட்டில் விசா பதிப்பது) முடித்து வந்தால் சிக்கல் இல்லை.

கேள்வி: சார், லெவல் 1 சம்பளம் (நான்கு சம்பள நிலைகளில் மிகக் குறைந்தது) என்றால் இனி எச்-1பி லாட்டரியில் வாய்ப்பே இல்லையா? இரண்டு கன்சல்டன்சி வழியாகப் போட்டால் கூடுமா?

பதில்: வாய்ப்பு இருக்கிறது, ஆனால் குறைந்துவிட்டது. 2026 பிப்ரவரி 27-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி லெவல் 4 சம்பளக்காரர் பெயர் குலுக்கலில் 4 முறை போகும், லெவல் 3 என்றால் 3, லெவல் 2 என்றால் 2, லெவல் 1 ஒரே முறை. மொத்த இடம் பழையபடி 65,000, அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்கு மேலும் 20,000. பதிவுக் கட்டணம் 215 டாலர்.

இரண்டு கன்சல்டன்சி யோசனையை விட்டுவிடுங்கள். 2024 முதலே குலுக்கல் ஆளை வைத்துத்தான், பதிவுகளின் எண்ணிக்கையை வைத்து அல்ல. பாஸ்போர்ட் எண்ணில் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். இப்போது அது பாதகமாகவே முடியும்: ஒரு கன்சல்டன்சி லெவல் 3, இன்னொன்று லெவல் 1 என்று பதிந்தால், குறைந்த லெவல்தான் கணக்கு.

கம்பெனிக்காரர்களுக்கும் ஒன்று. லெவல் என்பது சம்பளத் தொகை மட்டுமல்ல, வேலைக் குறியீடும் ஊரும் சேர்ந்தது. டாலஸில் லெவல் 3 ஆக இருக்கும் தொகை சான் ஹோசேயில் லெவல் 1-ஐக்கூடத் தொடாமல் போகலாம். பதிவில் உயர்ந்த லெவலைக் காட்டிவிட்டு, மனுவில் குறைந்த சம்பளமோ வேறு ஊரோ வந்தால் நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும்.

கேள்வி: லேஆஃப் ஆகி 35 நாள் ஆகிறது. வேலை போனபின் எச்-1பிக்காரர் தங்கக் கிடைக்கும் 60 நாள் எந்தத் தேதியிலிருந்து? புதுக் கம்பெனி ஆஃபர் அடுத்த வாரம் வருமாம்.

பதில்: வேலை முடிந்த நாளுக்கு மறுநாளிலிருந்து. பெரும்பாலும் சம்பளம் கணக்கிட்ட கடைசி நாளைத்தான் வேலை முடிந்த நாளாக எடுப்பார்கள். செவரன்ஸ் பணம் எத்தனை மாதத்துக்கு வந்தாலும் அது நாளைக் கூட்டாது. ஐ-94 (தங்கும் கெடு குறித்த நுழைவுப் பதிவு) அதற்கு முன்பே முடிந்தால் அன்றோடு சரி.

பின்னாலிருந்து எண்ணுங்கள். 60-ஆம் நாளுக்குள் புதுக் கம்பெனியின் மனு யுஎஸ்சிஐஎஸ் (குடியேற்றத் துறை) கையில் இருக்க வேண்டும். கூரியரில் போட்ட தேதி செல்லாது. அதற்கு முன் எல்சிஏ-வுக்கு (சம்பளம் பற்றித் தொழிலாளர் துறையில் வாங்கும் சான்று) 7 வேலை நாள், அதாவது காலண்டரில் 9 முதல் 11 நாள். எல்சிஏ-வே போடாத புதுக் கம்பெனி என்றால் வரி எண் சரிபார்ப்புக்குத் தனியாக நாள் போகும். ஆஃபர் 42-ஆம் நாளில் வந்தாலும் எட்டும், ஆனால் இழுபறிக்கு இடமில்லை. இன்றே கல்விச் சான்றிதழ், பழைய ஐ-797 (மனு ஒப்புதல் அறிவிப்பு) எல்லாம், கடைசி 3 மாதப் பே ஸ்டப் எல்லாவற்றையும் அவர்களுடைய வக்கீலுக்கு அனுப்பிவிடுங்கள். கையெழுத்தான ஆஃபர் வரட்டும் என்று காத்திருப்பதில்தான் பாதிப் பேர் நாளைத் தொலைக்கிறார்கள்.

தவறினால் பி-2-வுக்கு (சுற்றுலா விசா நிலை) மாற ஐ-539 விண்ணப்பம் போடலாம் என்பார்கள். 60 நாளுக்குள் போட்டால் தங்கலாம், வேலை செய்ய முடியாது. அதன்பின் வரும் எச்-1பி மனுவில், அமெரிக்காவுக்குள்ளேயே ஸ்டேட்டஸ் மாற்றம் கிடைக்காவிட்டால், முதல் பதிலில் சொன்ன ஒரு லட்சம் டாலர் குறுக்கே வரும். அதைக் கட்டி எடுக்கும் கம்பெனி அரிது.

கேள்வி: மனைவியின் எச்-4 ஈஏடி (வேலை அனுமதி அட்டை) இன்னும் 4 மாதத்தில் முடிகிறது. புதுப்பிக்க விண்ணப்பித்த ரசீதைக் காட்டி வேலை தொடரலாம்தானே?

பதில்: முடியாது. 540 நாள் தானாக நீளும் வசதி 2025 அக்டோபர் 30 முதல் போடும் புதுப்பிப்புகளுக்கு இல்லை. 180 நாளுக்கு முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால் உங்களுக்கு ஏற்கெனவே 2 மாதம் போய்விட்டது; இந்த வாரமே போடுங்கள். எச்-4 ஸ்டேட்டஸும் சேர்ந்து முடிகிறதென்றால் ஐ-539-ம் கூடவே போக வேண்டும். புது அட்டை வருவதற்குள் பழையது முடிந்தால் அன்றே வேலையை நிறுத்த வேண்டும். சம்பளமில்லா விடுப்பில் வைத்திருக்க எச்ஆரிடம் இப்போதே பேசிவையுங்கள். தெரிந்தே வேலை வாங்கினால் கம்பெனிக்கும் அபராதம்.

கேள்வி: ஐ-9-க்கு (புது ஊழியரின் வேலை உரிமையைச் சரிபார்க்கும் படிவம்) கிரீன் கார்டைக் காட்டு என்று ஊழியரிடம் கேட்கலாமா?

பதில்: கூடாது. பட்டியலில் உள்ளதில் எதைக் காட்டுவது என்பது ஊழியர் விருப்பம். குறிப்பிட்டுக் கேட்டால் பாகுபாட்டு வழக்கு வரும். வேலை தொடங்கி 3 வேலை நாளுக்குள் இரண்டாம் பகுதியை முடியுங்கள்.

கேள்வி: எச்-1பியில் இருக்கிறேன். அப்பா ஊரில் நிலம் விற்று ஈபி-5-க்குப் பணம் தருகிறேன் என்கிறார். 8 லட்சம் டாலர் எப்படிக் கொண்டுவருவது?

பதில்: பணத்தை அனுப்புவதைவிட, அது வந்த வழியைக் காட்டுவது கஷ்டம். பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்று விற்றால், பத்திரத்துக்கு வெளியே வந்த ரொக்கத்தை ஒரு ரூபாய்கூடக் காட்ட முடியாது. ஆகவே விற்பதற்கு முன்பே முழுத்தொகையும் பத்திரத்திலும் வங்கியிலும் வர வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். தாத்தா வழி வந்த நிலம் என்றால் மூலப்பத்திரம், வாரிசுச் சான்றிதழ், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், மூலதன ஆதாய வரி கட்டிய ரசீது எல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்போடு வேண்டும்.

அனுப்ப எல்ஆர்எஸ் (இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் திட்டம்) வரம்பு ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர். அப்பா, அம்மா இருவரும் மார்ச்சில் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை அனுப்பினால் 10 லட்சம் வரை எட்டும். அம்மாவுக்கு அப்பா முதலில் ரூபாயில் தானமாகக் கொடுத்து, அதற்கும் பத்திரம் போட வேண்டும். ஒருவர் அந்த நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிக்கும்; வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கும். நிலம் விற்கும்போதே அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ரீஜனல் சென்டரின் (ஈபி-5 முதலீடுகளைத் திரட்டித் திட்டம் நடத்தும் நிறுவனம்) நிர்வாகக் கட்டணமும் 8 லட்சத்துக்கு மேலேதான்.

8 லட்சம் என்பது கிராமப்புற அல்லது வேலையின்மை மிகுந்த பகுதித் திட்டங்களுக்கு, மற்றவற்றுக்கு 10,50,000. 2026 செப்டம்பர் 30-க்குள் ரீஜனல் சென்டர் மனு போட்டவர்களுக்கு, திட்டம் பின்னால் காலாவதியானாலும் மனு நிற்கும் என்று 2022 சட்டம் பாதுகாப்புத் தருகிறது. 2027 ஜனவரி 1-இல் முதலீட்டுத் தொகையும் விலைவாசிக்கேற்ப மாறும். ஈபி-5 விசாக்களில் கிராமப்புற ஒதுக்கீடு 20 சதவீதம். விசா புல்லட்டினில் (மாதாமாதம் வரும் விசா வரிசை அறிவிப்பு) அது திறந்திருக்கும் மாதமானால் ஐ-485-ஐயும் (கிரீன் கார்டு விண்ணப்பம்) சேர்த்தே போடலாம்.

கேள்வி: இலங்கை பாஸ்போர்ட்டில் ஈ-2 (அமெரிக்காவோடு ஒப்பந்தம் உள்ள நாட்டவருக்கான முதலீட்டு விசா) எடுக்க முடியுமா அண்ணா? இந்திய நண்பர் பாதிப் பங்குதாரர்.

பதில்: இலங்கைக்கு ஒப்பந்தம் உண்டு, இந்தியாவுக்கு இல்லை. கம்பெனியில் குறைந்தது 50 சதவீதம் இலங்கைக் குடியுரிமையாளர் கையில் இருந்தால் உங்களுக்குக் கிடைக்கும், நண்பருக்குக் கிடைக்காது. அவர் ஒப்பந்த நாடான கிரனடாவின் குடியுரிமை வாங்கி வரலாம் என்று ஏஜென்ட் யாராவது சொன்னால், முதலீட்டால் குடியுரிமை பெற்றவர் அந்நாட்டில் 3 ஆண்டு தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும் என்பதையும் அதே ஏஜென்ட் சொன்னாரா என்று கேட்கச் சொல்லுங்கள்.