ரேஸ் கிளவ்ஸ்: காசை எங்கே போடுவது?

கேள்வி: படிப்பு முடித்து இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பைக் ரேஸ் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேரப் போகிறேன். பிடித்துப்போனால் அடுத்த வருடம் புதுமுகங்களுக்கான ரேஸில் இறங்கிப் பார்க்கலாம் என்று ஆசை. சூட், பூட்ஸ் வாடகைக்குக் கிடைக்கும், கிளவ்ஸ் மட்டும் நானே வாங்க வேண்டும். கையில் 6,000 ரூபாய் இருக்கிறது. கடையில் விரல் முட்டிமேல் கார்பன் தகடு பதித்த குட்டைக் கிளவ்ஸைக் காட்டி, "ரேஸிங் மாடல் சார், எல்லாரும் இதுதான் வாங்குறாங்க" என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். குட்டைக் கிளவ்ஸ் ஊருக்குள் ஓட்டப் போதும். ட்ராக்குக்கு மணிக்கட்டைத் தாண்டி சூட்டின் கைப்பகுதிமேல் ஏறி உட்காரும் முழுநீள கிளவ்ஸ்தான் தேவை. பந்தய அமைப்பாளர்களும் பொதுவாக அதைத்தான் கேட்பார்கள். ரேஸ் அன்று காலை பரிசோதனையில் மாட்டிக்கொள்வதைவிட, அவர்களின் விதிமுறையை முன்பே வாங்கிப் படித்துவிடுங்கள்.

கார்பன் முட்டி பளபளவென்று கண்ணில் படும், அதனால்தான் அதைக் காட்டி விற்கிறார்கள். ஆனால் ட்ராக்கில் விழுகிறவர்களுக்கு முதலில் தரையில் படுவது பெரும்பாலும் உள்ளங்கை. வளைவில் முன்சக்கரம் வழுக்கிப் பைக் சாய்ந்ததும் கை தானாகத் தரையை ஊன்றப் போகும். கிளவ்ஸின் வெறும் தோல் தார்ப்பரப்பைக் கவ்வினால் உள்ளங்கை நின்றுவிடும், உடம்பு மட்டும் நகரும். அந்த இழுப்பில் மணிக்கட்டு பின்பக்கம் மடங்கி, கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு உடையும். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் ஒட்டுவதற்கு ரொம்ப நாள் பிடிக்கும். பல வாரம் மாவுக்கட்டு, சிலருக்கு ஸ்க்ரூ வைத்து அறுவை சிகிச்சை.

இதைத் தவிர்க்கத்தான் உள்ளங்கையின் அடிப்பகுதியில் கெட்டியான பிளாஸ்டிக் ஸ்லைடர் வைக்கிறார்கள். கை தரையைக் கவ்வாமல் வழுக்கிக்கொண்டு போகும். கடையில் கிளவ்ஸைக் கையில் எடுத்ததும் திருப்பிப் பாருங்கள். ஸ்லைடர் இல்லையென்றால் முட்டியில் தங்கமே பதித்திருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்தது மணிக்கட்டு ஸ்ட்ராப். முழுநீள கிளவ்ஸில் இரண்டு கட்டு இருக்க வேண்டும்: மணிக்கட்டை இறுக்க ஒன்று, சூட்டுக்கு மேலே மூடிக்கொள்ள ஒன்று. மேல்மூடி மட்டும் இருந்தால் பைக்கிலிருந்து உருளும்போது கிளவ்ஸ் கழன்று பறந்துவிடும், அப்புறம் தரையில் தேய்வது வெறும் கை. மணிக்கட்டு ஸ்ட்ராப்பை இறுக்கிவிட்டு, கூட வந்தவரை விரல் நுனிகளைப் பிடித்துப் பலமாக இழுக்கச் சொல்லுங்கள். நடுக்கை வரை உருவி வந்தால் அந்த மாடல் வேண்டாம். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

பிறகு சுண்டுவிரல் பக்கம் பாருங்கள். கை உருளும்போது அந்த ஓரம்தான் அதிகம் தேயும், சுண்டுவிரல் தனியாக மாட்டி முறுக்கிக்கொள்வதும் நடக்கும். அந்த ஓரத்தில் தோல் இரண்டு அடுக்காக இருக்க வேண்டும். சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் ஒரு தோல் துண்டால் இணைத்திருந்தால் இன்னும் நல்லது. போட்டவுடன் ஏதோ மாதிரி இருக்கும், நாலு சுற்று ஓட்டினால் பழகிவிடும்.

உங்கள் தொகையை ஒட்டி ரைனாக்ஸ், வயாடெரா போன்ற இந்திய நிறுவனங்களின் முழுநீள மாடல்களைப் பார்க்கலாம். ஆல்பைன்ஸ்டார்ஸ், டைனீஸியில் இந்த வகை பத்தாயிரத்துக்குக் கீழே அபூர்வம். கங்காரு தோல் மெல்லியதாக இருந்தும் உறுதியானது, விலையும் அப்படியே ஏறும், முதல் வருடத்துக்கு அது வேண்டாம். ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ போதும். 500, 1,000 கூடுதலாகப் போட்டால் ஸ்லைடரோடு கிடைக்குமென்றால் ஒரு மாதம் பொறுத்தாவது அதை வாங்குங்கள். அந்தப் பணம் கார்பனுக்குப் போகிறதென்றால் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: நான் வாங்கிய கிளவ்ஸில் சிஇ (CE) என்ற ஐரோப்பிய முத்திரை இருக்கிறது, பக்கத்தில் ஈஎன் (EN) 388 என்று போட்டிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் போட்டு ஓட்டலாமா?

பதில்: ஈஎன் 388 தொழிற்சாலைக் கையுறைக்கான தரம். தகடு தூக்குவோருக்கும் கிடங்கில் வேலை செய்வோருக்கும் உரியது. அதில் பைக்கிலிருந்து விழுவதைப் பற்றிய சோதனை கிடையாது. பைக் கையுறைக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 13594. உள்ளே தைத்திருக்கும் துணிச்சீட்டில் இந்த எண்ணும், பைக் ஓட்டுபவர் படமும், 1 அல்லது 2 என்ற நிலையும் இருக்கும். முட்டிப் பாதுகாப்பைச் சோதித்திருந்தால் கூடவே கேபி (KP) என்ற எழுத்துகளும் வரும்.

இரண்டு நிலைகளுக்கும் வித்தியாசம் பெரிது. சுழலும் உராய்வுப் பட்டையில் உள்ளங்கைப் பொருளைத் தேய்த்துப் பார்க்கும்போது முதல் நிலைக்கு 4 வினாடி தாங்கினால் போதும், இரண்டாம் நிலைக்கு 8 வினாடி தாங்க வேண்டும். மணிக்கட்டைத் தாண்டும் நீளம் முதல் நிலைக்கு 15 மில்லிமீட்டர், இரண்டாம் நிலைக்கு 50. முட்டிச் சோதனை முதல் நிலையில் விருப்பம், இரண்டாம் நிலையில் கட்டாயம். ஆனால் 6,000 ரூபாய் அளவில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் 1-கேபிதான் இருக்கும். மேலே சொன்ன ஸ்லைடரும் ஸ்ட்ராப்பும் சரியாக இருந்தால் தொடக்கத்துக்கு அதை நான் குறை சொல்ல மாட்டேன். வெறும் "சிஇ" என்று ரப்பரில் அச்சடித்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள், அச்சடிக்க யாராலும் முடியும்.

உங்களுடையதை ட்ராக்குக்குக் கொண்டுபோக வேண்டாம். வண்டி வேலை பார்க்க வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஆம்பூரில் தோல் வேலை செய்யும் உறவினர் பாதி விலைக்குத் தைத்துத் தருகிறேன் என்கிறார். நல்ல ஆட்டுத்தோல்தானாம்.

பதில்: தோலைப் பற்றி ஆம்பூர்க்காரருக்கு நான் சொல்லித் தர முடியாது. எனக்குச் சந்தேகம் தையலில்தான். பருத்தி நூலில் ஒற்றைத் தையல் போட்டால் தரையில் உரசியதும் நூல் அறுந்து தோல் வாயைப் பிளந்துவிடும். கெட்டியான நைலான் அல்லது பாலியெஸ்டர் நூல் வேண்டும், தேயும் இடங்களில் இரட்டைத் தையல் வேண்டும். விரல்கள் ஹேண்டில்பாரைப் பிடித்த நிலையில் வளைந்திருக்கும்படி வெட்டுவது தனி வித்தை. நேராக வெட்டினால் பிடிக்கும்போது உள்ளங்கையில் தோல் மடிந்து கொப்புளம் போடும். ஜாக்கெட்டுக்கு வரும் மெல்லிய தோலும் இதற்கு ஆகாது. அவரிடம் சூட்டுக்கு ஒட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், கிளவ்ஸைக் கடையில் வாங்குங்கள்.

கேள்வி: ஆன்லைனில் பிரபல இத்தாலிய பிராண்ட் கிளவ்ஸ் 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே சீட்டே இல்லை, லோகோ வெறும் ஸ்டிக்கர். போட்டுப் பார்க்க டேக்கைக் கிழித்துவிட்டீர்கள் என்று சொல்லித் திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.

பதில்: அந்த விலைக்கு அசல் வராது என்பது வாங்கும்போதே தெரிந்திருக்கும். இருந்தாலும் அவர்கள் சொல்வது செல்லாது. 2020 மின்வணிக விதிகளின்படி போலியான பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திருப்பி எடுக்கவும் பணம் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது. விளம்பரப் பக்கத்தை இப்போதே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கே அது காணாமல் போகலாம். ஸ்டிக்கரையும் சீட்டில்லாத உட்புறத்தையும் படம் பிடித்து, தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில் தந்து, ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம், இவ்வளவு சின்னத் தொகைக்குக் கட்டணமே கிடையாது. இரண்டு வருடம் அவகாசம் உண்டு.

கேள்வி: இறுக்கமாக வாங்குவதா, கொஞ்சம் லூஸாகவா? எனக்கு உள்ளங்கை ரொம்ப வியர்க்கும்.

பதில்: இறுக்கமாக. தோல் போடப் போட இளகும். கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கைச் சுற்றளவை டேப்பால் அளந்து, அந்த நிறுவனத்தின் அட்டவணையில் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் 'எம்' அளவு இன்னொரு நிறுவனத்தின் 'எல்' அளவாக இருக்கும். விரலை மடக்கினால் நகம் நுனியில் இடிக்கக் கூடாது, நுனியைக் கிள்ளினால் வெறும் தோலும் மிஞ்சக் கூடாது. மிஞ்சும் நுனி பிரேக் லீவரில் சிக்கும்.

வியர்வைக்கு ஒரு சோதனை உண்டு. கையைக் கொஞ்சம் ஈரமாக்கிப் போட்டு உடனே கழற்றுங்கள். உள்துணி விரலோடு வெளியே வந்துவிட்டால் ட்ராக்கில் ஒவ்வொரு முறையும் அதை உள்ளே திணித்துக்கொண்டிருப்பீர்கள். நுனியில் துணியைத் தோலோடு சேர்த்துத் தைத்த மாடலில் இந்தத் தொல்லை வராது. ஓட்டி முடித்ததும் நிழலில் விரித்துக் காய வையுங்கள். பெட்ரோல் டேங்க் மேல் வெயிலில் போட்டால் தோல் விறைத்துவிடும்.