ஹோல்டர்ல போன் வெச்சு மேப் பார்த்தா கேஸ் போடுவாங்களா?

கேள்வி: கார்ல ஹோல்டர் மாட்டி போன்ல மேப் பார்த்துதான் ஓட்டுறேன், அதுக்கும் ஃபைன் உண்டுன்னு ஃப்ரெண்ட் சொல்றான். என் தம்பி பைக்ல போனை ஹெல்மெட்டுக்குள்ள சொருகிட்டு பேசிக்கிட்டே போறான், கையில பிடிக்கலையே, கேஸ் போட முடியாதுங்கிறான். யார் சொல்றது சரி?

பதில்: உங்க விஷயத்துல பயப்பட வேண்டாங்க. மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 2020 அக்டோபர் 1-லேர்ந்து அமலுக்கு வந்த திருத்தத்துலயே வழி பார்க்க மட்டும் போனை யூஸ் பண்ணலாம்னு இருக்கு, ஆனா ஓட்டுறவர் கவனம் சிதறாத மாதிரி இருக்கணும். அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே போற இடத்தைப் போட்டு வாய்ஸ் ஆன் பண்ணிடுங்க, ஓடுற வண்டியில ஸ்க்ரீனைத் தட்டி அட்ரஸ் மாத்துறது இந்த சலுகைக்குள்ள வராது.

உங்க தம்பி சொல்றதுதான் எனக்குக் கவலையா இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆவது பிரிவுல 2019 திருத்தத்துக்கப்புறம் கையில போன் பிடிச்சு ஓட்டுறதே ஆபத்தான டிரைவிங் கணக்குலதான் வருது, அந்த 'கையில'ங்கிற வார்த்தையை வெச்சுத்தான் கேஸ் போட முடியாதுங்கிறாரு. ஆனா அதே பிரிவுல மத்தவங்களுக்கு ஆபத்து வர்ற மாதிரி எப்படி ஓட்டினாலும் குத்தம்னும் இருக்கே! தலையை ஒரு பக்கமா சாய்ச்சுக்கிட்டு, போன் நழுவுறப்ப ஒரு கையை விட்டு அதைத் தள்ளிவிட்டுக்கிட்டு போறதைப் பார்த்தா எந்த போலீஸும் கேஸ் எழுதலாம். 60 கிலோமீட்டர் வேகத்துல மூணு செகண்ட் கவனம் போச்சுன்னா வண்டி 50 மீட்டர் ஓடியிருக்கும், அந்த 50 மீட்டர்ல குறுக்க ஒரு குழந்தை வந்தா என்ன பண்ணுவாரு?

தண்டனைன்னு பார்த்தா கோர்ட்டுக்குப் போனா முதல் தடவைக்கு ஆறு மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் வரை ஜெயில், இல்ல 1000-லேர்ந்து 5000 ரூபாய் வரை அபராதம், ரெண்டும் சேர்த்தும் குடுக்கலாம். மூணு வருஷத்துக்குள்ள மறுபடி மாட்டினா ரெண்டு வருஷம் வரை ஜெயில், இல்ல 10,000 ரூபாய். தமிழ்நாட்டுல சலான்ல கட்டுறது 2022 அக்டோபர் ரேட்படி முதல் தடவை 1000, அடுத்து 10,000. ஆயிரம்தானேன்னு நெனைக்க வேண்டாம்னு சொல்லுங்க, இதுக்காக லைசென்ஸை சஸ்பெண்ட் பண்ணவும் ஆர்டிஓவுக்கு அதிகாரம் இருக்கு.

கேள்வி: அப்ப அவசர கால் வந்தா?

பதில்: இண்டிகேட்டர் போட்டு ஓரமா நிறுத்தி, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு எவ்வளவு நேரம் வேணாலும் பேசுங்க. சிக்னல்ல நிக்கிறப்ப மட்டும் எடுக்காதீங்க, பேச்சு முடியுறதுக்குள்ள பச்சை விழுந்துடும்.