வின்செஸ்டர் 37ஆ, 37ஏவா? கேள்வி பதில்

அமெரிக்கக் கம்பெனியான வின்செஸ்டரின் 37, 37ஏ என்ற இரண்டு பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி மாடல்களைப் பற்றி அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நண்பர்கள் கேட்டவை இவை. ஒரே கேள்வி பலமுறை வந்திருக்கிறது, என்ன செய்ய!

கேள்வி: 37ஏ என்பது 37இன் திருத்திய பதிப்புதானே?

பெயரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 37 வெளிவந்த காலம் 1936 முதல் 1963 வரை. பத்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். எஃகு உடம்பு, அலங்காரம் எதுவும் கிடையாது. 37ஏ பத்து வருடம் கழித்து, 1973இல், கனடாவின் ஒன்டாரியோவிலுள்ள கோபர்க் ஊரிலிருந்து வந்தது. அங்கே கூயி என்றொரு கம்பெனி மலிவான துப்பாக்கிகள் செய்துகொண்டிருந்தது. வின்செஸ்டரை வைத்திருந்த ஓலின் நிறுவனம் 1961இல் அதை வாங்கியது. 37ஏவின் வம்சம் அந்தக் கூயியின் 84, 840 மாடல்கள்தான். அதனால் 37இன் உதிரிபாகம் இதில் பொருந்தாது. ‘37க்கு’ என்று சொல்லி விற்பதை வாங்கி ஏமாறாதீர்கள்.

பார்த்த உடனே அடையாளம் தெரியும். தங்க நிற விசை, ரிசீவரில் (குழல் பொருந்தும் உலோக உடம்பில்) அச்சழுத்திய சுருள்கொடி வேலைப்பாடு, வரிசை எண், இதெல்லாம் இருந்தால் 37ஏ. மொட்டையாக இருந்தால் 37.

கேள்வி: என் 37இல் எண்ணே இல்லை. திருட்டுப் பொருளோ?

பயப்படாதீர்கள், 37க்கு எண் போட்டதே இல்லை. அமெரிக்காவில் எல்லாத் துப்பாக்கிக்கும் எண் கட்டாயமானது 1968 சட்டத்துக்குப் பிறகுதான். 37ஏவில் எண் இல்லாவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

கேள்வி: எந்த வருடத்துத் துப்பாக்கி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

37இல் எண் இல்லாததால் துல்லியமாகச் சொல்ல வழியில்லை. ரிசீவரின் அடியில் வின்செஸ்டர் பெயரில் சிவப்புச் சாயம் இருந்தால் ஆரம்பகாலத்தது என்பார்கள். ஆனால் விற்பவர் சிவப்பு நகப்பூச்சைப் பூசினால் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். சாயத்தை நம்பிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: 12 போர் (குழல் துளையின் அளவு) 37இல் 3 அங்குலத் தோட்டா போடலாமா? உள்ளே சரியாகப் போகிறதே!

கூடவே கூடாது. உள்ளே போவதுதான் ஆபத்து. தோட்டாவின் மேல் போட்டிருக்கும் நீளம், வெடித்து அதன் முனை மடிப்பு விரிந்த பிறகு வரும் நீளம். சுடாத தோட்டா அதைவிடக் குட்டை, அதனால் 2¾ அங்குல அறையிலும் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) நுழைந்துவிடும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். குழலில் போட்டிருக்கும் அளவைப் படியுங்கள். எஃகு ரவை நிரப்பிய தோட்டாவும் வேண்டாம், வாய் குறுகலான பழைய ஃபுல் சோக் குழல் அதற்காகச் செய்ததல்ல.

கேள்வி: அப்படியானால் என் 37ஏ போலி வின்செஸ்டரா? மாரிஸ் ஆக்ஸ்ஃபர்டு என்ற பிரிட்டிஷ் கார் இந்தியாவில் அம்பாசடர் என்று பெயர் மாறியதே, கார் மாறியதா?

அருமையான உதாரணம், ஆனால் எனக்குத்தான் சாதகம். பெயர் மாறினாலும் உள்ளே மாரிஸ்தானே? இங்கே பெயர் வின்செஸ்டர், உள்ளே கூயி.

மறுபடியும் அவரே: கம்பெனியையே வாங்கிவிட்டால் அதுவும் வின்செஸ்டர்தான். 1964க்கு முந்தைய வின்செஸ்டரே உசத்தி என்பது சேகரிப்பவர்களின் பெருமை!

சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன். முத்திரை உண்மையானது, போலி என்று நான் சொல்லவில்லை. வாத்து வேட்டைக்காரர் கேட்டால் 37ஏவைத்தான் காட்டுவேன். 12 போரில் 3 அங்குல அறை, 36 அங்குலக் குழல்கூட உண்டு. ஆனால் இரண்டையும் அண்ணன் தம்பி என்று சொல்லாதீர்கள். தத்துப்பிள்ளை என்றால் சம்மதம்.

கேள்வி: 28 போர் 37 ஒன்று வந்திருக்கிறது, வாங்கலாமா?

இந்த வரிசையிலேயே அரிது, அதனால் போலியும் அதிகம். நேரில் ஒரு நிபுணரிடம் காட்டாமல் முன்பணம் தராதீர்கள்.

கேள்வி: இந்தியாவுக்குக் கொண்டுபோகலாமா?

சுங்கத் துறையைக் கேளுங்கள்.

கேள்வி: என்னுடையது எந்த வருடம்?

மேலே மூன்றாவது பதில்.

கேள்வி: 20 போர் 37இல் 3 அங்குலம்...?

ஐயா, குழலைப் படியுங்கள்!