புதிய போர்முறையை எதிரி எத்தனை நாளில் கற்றுக்கொள்வான்?

கேள்வி: இணையத்தில் ஒரு மாயாஜாலப் போர்த்தொடர் எழுதி வருகிறேன். மலைநாட்டின் சிறு படை, மந்திரம் ஏற்றிய நெருப்புக்குழாய்களுடன் வரிசை வரிசையாக நின்று மாற்றி மாற்றிச் சுட்டு, பேரரசின் குதிரைப்படையை முறியடிக்கிறது. அடுத்த அத்தியாயத்தில் பேரரசின் ஒற்றன் ஒரு குழாயையும் செய்முறைச் சுவடியையும் திருடிப் போகிறான். இரண்டே மாதத்தில் பேரரசும் அதே முறையில் போரிடுகிறது. "இதெல்லாம் நடக்குமா?" என்று வாசகர்கள் கேலி செய்கிறார்கள். எவ்வளவு காலம் கொடுத்தால் நம்பும்படி இருக்கும்?

பதில்: கால அளவுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் ஒற்றனின் மூட்டையைப் பிரித்துப் பார்ப்போம். குழாய் இருக்கிறது, சுவடி இருக்கிறது. குழாயைச் செய்தவனும் இல்லை, இயக்கிப் பழகியவனும் இல்லை. கதை சறுக்குவது இங்கேதான்.

உங்கள் நெருப்புக்குழாய்க்கு வரலாற்றில் நெருங்கிய உறவு, பைசாந்தியப் பேரரசின் (தலைநகர் கான்ஸ்டான்டினோபிள், இன்றைய இஸ்தான்புல்) கிரேக்க நெருப்பு. தண்ணீர் மேலும் எரியும் திரவத்தைக் கப்பலிலிருந்து குழாய் வழியாகப் பீய்ச்சுவார்கள். 812-இல் பல்கேரிய மன்னன் குருமின் கையில் அப்படிப்பட்ட 36 குழாய்களும் கணிசமான திரவமும் சிக்கின என்று தியோபானஸ் என்ற பைசாந்தியத் துறவி எழுதியிருக்கிறார். ஆனாலும் பல்கேரியர்கள் அதைக் கொண்டு போரிட்டதாகத் தகவல் இல்லை. 36 குழாய்! உங்கள் ஒற்றனிடம் இருப்பது ஒன்று. (பத்தாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் தன் மகனுக்கு ஓர் அறிவுரை எழுதி வைத்தார். வெளிநாட்டார் இந்த நெருப்பைக் கேட்டால், தேவதூதன் மூலம் கடவுள் அருளியது, பிறருக்குத் தரக்கூடாது என்று சொல்லிவிட வேண்டுமாம். ராணுவ ரகசியத்துக்குக் கடவுளையே காவல் வைத்த இந்தத் தந்திரத்தை மாயாஜாலக் கதை எழுதுகிறவர் விடலாமா?)

அடுத்து ஜப்பான். 1543-இல் தனேகஷிமா தீவில் கரை ஒதுங்கிய சீனக் கப்பலில் போர்த்துகீசியர் சிலர் இருந்தார்கள். தீவின் இளம் தலைவர் தோகிதக்கா அவர்களிடம் இரண்டு துப்பாக்கிகளை வாங்கி, யாயிதா கின்பே என்ற கொல்லரிடம் ஒப்படைத்தார். குழலை அவர் அடித்துவிட்டார். அதன் அடிப்பக்கத்தை அடைப்பதில்தான் மாட்டிக்கொண்டார். குழலுக்குள் உள்மரை வெட்டி, அதில் ஒரு திருகாணியை முறுக்கி இறுக்க வேண்டும். அந்த வேலை அவருக்குப் பழக்கமில்லை. அடைப்பு சரியாக இல்லையென்றால் வெடிமருந்தின் வேகம் சுடுகிறவன் முகத்தில் இறங்கும். மறு ஆண்டு வந்த கப்பலில் ஒரு கொல்லர் இருந்தார்; அவர் செய்து காட்டிய பிறகே வேலை முடிந்தது என்று தீவின் பழைய குறிப்பு சொல்கிறது. அதன்பின் சக்காய், குனிதோமோ ஊர்களின் பட்டறைகள் வேகமாகப் பிடித்துக்கொண்டன. நல்ல கொல்லர்களுக்கு அந்த நாட்டில் ஏற்கனவே பஞ்சமில்லை.

உங்கள் குழாயிலும் இப்படி ஒரு திருகாணி வையுங்கள். மந்திரத்தின் நடுவில் மூச்சை எங்கே நிறுத்துவது என்பதாகக்கூட இருக்கலாம். சுவடியில் எழுத வராத, கூடவே நின்று பார்த்தால் மட்டும் பிடிபடும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வரிசை மாற்றிச் சுடுவது கருவியைவிடக் கடினம். 1594 டிசம்பரில் நெதர்லாந்துத் தளபதி வில்லெம் லோட்விக், தன் உறவினர் மாரிஸுக்கு எழுதிய கடிதத்தில் இந்த முறையை வரைந்தே காட்டியிருந்தார்: முன்வரிசை சுட்டுவிட்டுப் பின்னால் போய் மருந்து நிரப்பும், அடுத்த வரிசை முன்னே வரும். ஏலியன் என்ற பழைய கிரேக்க எழுத்தாளரின் போர்நூலைப் படித்தபோது வந்த யோசனை அது. ஆக, யோசனை ஒரு கடிதத்தில் அடங்கிவிட்டது. அதைச் சிப்பாயின் உடம்பில் ஏற்றுவதற்குத்தான் பாடு. 1607-இல் யாக்கோப் தெ கெய்ன் வரைந்து வெளியான பயிற்சி நூலில் மஸ்கட் துப்பாக்கிக்கு மட்டும் 43 படங்கள், ஈட்டிக்கு 32. ஒவ்வோர் அசைவுக்கும் தனிப் படம், தனிக் கட்டளை. எதிரே குதிரைகள் பாய்ந்து வரும்போது கை நடுங்காமல் அந்த அசைவுகள் வரிசையாக வர வேண்டும். உங்கள் ஒற்றன் திருட வேண்டியது இப்படிப்பட்ட புத்தகம். அப்போதும் அதை வைத்துக்கொண்டு அதட்டி வேலை வாங்க ஆள் வேண்டும்.

அந்த ஆள் பெரும்பாலும் கைதியாக வருவான், அல்லது கட்சி மாறி வருவான். 1741-இல் குளச்சல் போரில் டச்சுக் கம்பெனியின் டி லனாய், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டார். பிறகு அதே மன்னரின் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்துத் தளபதியாகவும் உயர்ந்தார். கன்னியாகுமரி மாவட்டம் உதயகிரிக் கோட்டையில் அவருடைய கல்லறை இருக்கிறது. கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும். 1592-இல் ஜப்பான் படையெடுத்தபோது கொரியாவுக்கு ஆள், புத்தகம் இரண்டுமே கிடைத்தன. கட்சி மாறிய ஜப்பானியர்கள் துப்பாக்கியைக் கற்றுக்கொடுத்தார்கள். உதவிக்கு வந்த சீனாவின் மிங் அரசுப் படை மூலம் சீனத் தளபதி சீ ஜிகுவாங்கின் பயிற்சி நூல் கிடைத்தது. 1593-இலேயே தனிப் பயிற்சிப் படை அமைத்தார்கள். 1654-இல் ரஷ்யர்களுக்கு எதிராகச் சீனாவின் சிங் அரசே கொரியத் துப்பாக்கி வீரர்களை அனுப்பச் சொல்லிக் கேட்டது.

நீங்கள் தொடாத ஒரு விஷயம்: பேரரசுக்குள் இதை யார் விரும்பமாட்டார்கள்? எகிப்தை ஆண்ட குதிரைவீரர் கூட்டமான மம்லூக்குகளுக்குத் துப்பாக்கி தெரியாமல் இல்லை. குதிரையேற்றமும் வில்லுமே அவர்களுடைய பெருமை, பதவி, சம்பளம் எல்லாம். துப்பாக்கியை மதிப்புக் குறைந்த ஆட்களிடம் தள்ளிவிட்டார்கள். 1516-இல் மர்ஜ் தாபிக்கிலும் 1517-இல் ரைதானியாவிலும் உஸ்மானியத் துருக்கியரிடம் தோற்று ஆட்சியையே இழந்தார்கள். உங்கள் பேரரசிலும் தோற்றது குதிரைப்படைதானே? அந்தப் பிரபுக்கள், நெருப்புக்குழாயைத் தூக்கும் குடியானவனுக்கு வழிவிடுவார்களா? ஒற்றனைவிட அந்த அரசவைச் சண்டையில் கதை அதிகம் இருக்கிறது என்பது என் கருத்து.

இப்போது கணக்கு. தேர்ந்த கொல்லன் கூடவே வந்தால், குழாய் செய்ய ஓராண்டு நியாயம். சில நூறு பேரைப் பழக்க இன்னோர் ஆண்டு. மொத்தப் படையும் மாற, அரசவை ஒத்துழைத்தாலும், பத்தாண்டு கொடுங்கள்.

கதைக்கு இரண்டு மாதம்தான் முடியும் என்றால் ஒரு வழி உண்டு. ஹங்கேரியப் பீரங்கி வார்ப்பாளர் ஓர்பன் முதலில் வேலை கேட்டுப் போனது கான்ஸ்டான்டினோபிளின் பேரரசரிடம். அவரால் சம்பளம் கொடுக்க முடியவில்லை. ஓர்பன் உஸ்மானிய சுல்தான் மெஹ்மெதிடம் போனார். 1453-இல் அவர் வார்த்த பீரங்கி அதே நகரத்தின் மதிலை இடித்தது. உங்கள் மலைநாடும் சம்பளப் பாக்கி வைக்கட்டும். குழாய்ப் படையில் இருநூறு பேர், கொல்லனோடும் தளவாடத்தோடும் இரவோடு இரவாகப் பேரரசின் பக்கம் போகட்டும். இரண்டு மாதத்தில் அவர்கள் களத்தில் நிற்கலாம். ஆனால் பேரரசிடம் அந்த இருநூறு பேர்தான் இருப்பார்கள். முதல் போரில் ஐம்பது பேர் விழுந்தால், அந்த இடத்தில் நிறுத்த உடனே வேறு ஆள் கிடைக்காது.